மூச்சறிந்து நடக்க வேண்டிய நகரம்

பயணம் புறப்படுமுன் மேசைமீது தேசப்படத்தை விரித்து வைத்து, பென்சிலும் அளவுகோலும் கொண்டு நாள்களைப் பங்கிடுவதில் ஓர் இன்பம் உண்டு. பங்குத் திருவிழாவுக்கு நவநாள் அட்டவணை எழுதிப் பழகிய கைகளுக்கு அவ்வேலை எளிதாகவே வரும். திபெத்தின் தலைநகராகிய லாசாவில் நாங்கள் தங்கவிருந்த எட்டு நாள்களுக்கும் அவ்வாறே ஓர் அட்டவணை எழுதினோம். எந்த நாள் எந்த மடம், எந்த நாள் எந்த ஏரி, காலையில் எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று கோடு போட்டு எழுதிய தாள் அது. எழுதியபோது குறை ஏதும் தென்படவில்லை. ஆயினும் லாசா சேர்ந்த இரண்டாம் நாளே அதைக் கிழித்தெறிய நேர்ந்தது. கிழித்திராவிடில் எங்களுள் ஒருவரை இழந்திருப்போம். அந்தப் பிழையையும், அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டு வகுத்த புதிய ஒழுங்கையும் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் நால்வர், 1993-ஆம் ஆண்டில் ஒரே பீடத்தின்முன் குருப்பட்டம் பெற்றவர்கள். குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர், இமயத்துக்கு அப்பால் லாசா நகரில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயமணி ஒலித்த கதையை ஒருநாள் சொன்னார். அது எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. அன்றியும், எங்கள் குருப்பட்ட ஆண்டிலேதான், திபெத்தின் எல்லையில் பங்குப்பணி செய்து 1949-இல் கொலையுண்ட மொரிஸ் தோர்னே அடிகளாருக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பட்டம் அளித்தார். தம் பங்கு மக்களுக்காக முறையிட லாசாவை நோக்கிச் சென்று, இடைவழியில் தடுக்கப்பட்டுத் திரும்பியபோதுதான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சென்று சேர இயலாத நகரை நாம் ஒருமுறை காண வேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு இருந்தது. வெள்ளிவிழா ஆண்டாகிய 2018-இல், செப்டம்பர் மாதத்தில் அது நிறைவேறியது.

ஊரின் உயரம்

லாசா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. இது எவ்வளவு உயரம் என்பதை நம் மலைகளைக் கொண்டு அளந்தால்தான் விளங்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். உதகைக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர். ஆனைமுடியின் உச்சிமேல் இன்னும் ஒரு மலையை வைத்தாற்போன்ற இடத்தில், ஒரு பெரிய நகரம் சமவெளியில் பரந்து கிடக்கிறது. நடுவே கிச்சு ஆறு ஓடுகிறது. சுற்றிலும் மரமற்ற பழுப்பு மலைகள். வானம் நாம் ஒருநாளும் கண்டிராத கருநீலம்.

அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே எனினும், அழுத்தம் குறைந்தமையால் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே லாசாவில் கிடைக்கும். தண்ணீர் அங்கே 88 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் அரிசி எளிதில் வேகாது. அந்நாட்டு மக்கள் வாற்கோதுமையை வறுத்து மாவாக்கி, வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரில் பிசைந்து உண்பது இயற்கையோடு இயைந்த அறிவே. அம்மாவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சம்பா’. பெயரைக் கேட்டு நம்மூர்ச் சம்பாச் சோற்றை எதிர்பார்த்த எங்கள் நண்பரின் முகம் வாடியதைக் கண்டு பரிமாறியவரும் சிரித்தார்.

உயரத்துக்கு ஏற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் பெற்றது. மூச்சு விரைவாகும், இரத்தம் மெல்ல மெல்லத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். காட்மாண்டு நகரின் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். அங்கிருந்து விமானம் ஏறிய ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் லாசா விமான நிலையத்தில் இறங்கினோம். வழியில் பனிச் சிகரங்களைக் கண்டு இறைவனைப் புகழ்ந்தோம். ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த வேகத்தில் எங்கள் உடல் வந்து சேரவில்லை என்பதை அப்போது உணரவில்லை.

எங்கள் பிழை

எங்கள் அட்டவணையில் இரண்டாம் நாளுக்கு எழுதியிருந்தது நாம்ட்சோ ஏரி. லாசாவுக்கு வெளியே உள்ளவற்றுள் மிகத் தொலைவானதை முதலில் முடித்துவிட்டால், பிறகு நகருக்குள் நிதானமாகச் சுற்றலாம் என்பது எங்கள் கணக்கு. சமவெளியில் அது நல்ல கணக்கே. அளவுகோல் தொலைவை மட்டுமே காட்டிற்று, உயரத்தைக் காட்டவில்லை. நாம்ட்சோ 4,718 மீட்டர் உயரத்தில் உள்ள உப்பு ஏரி. அதை அடையுமுன் கடக்க வேண்டிய லார்கென் கணவாய் 5,190 மீட்டர். கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதியைவிடச் சற்றே கூடுதலானதுதான் அங்கே கிடைக்கும்.

எங்கள் வழிகாட்டி ஓர் இளைஞர், லாசாவில் பிறந்தவர், வாரணாசியில் பயின்ற தம் மாமனைப் பற்றி அன்போடு பேசியவர். தாளைப் பார்த்ததும் அவர், “ஐயா, நாளைக்கே நாம்ட்சோ வேண்டாம். கடைசி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். நாங்களோ, “நாங்கள் மலைப்பங்குகளில் கால்நடையாக ஊழியம் செய்தவர்கள், கொடைக்கானல் மலையில்கூட எங்களுக்கு மூச்சு வாங்காது” என்று பெருமையோடு சொல்லிவிட்டோம். அட்டவணையை எழுதிய கை எம்முடையது. வற்புறுத்திய வாயும் எம்முடையதே. அவர் மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மௌனமானார், வண்டியில் பிராணவாயுக் குப்பிகளை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிவைத்தார்.

எங்கள் நால்வருள் மூத்தவருக்கு முதல் நாளிரவே தலைவலி தொடங்கியிருந்தது. உணவும் செல்லவில்லை. அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை. காலையில் இன்முகத்தோடு வண்டியேறினார். தாம்ஷுங் என்னும் ஊரில் தேநீருக்காக இறங்கியபோது அவர் இறங்கவில்லை. “தூக்கம் வருகிறது, நீங்கள் குடியுங்கள்” என்றார். கணவாயின் உச்சியில் செபக்கொடிகள் ஆயிரக்கணக்கில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. வெகு தொலைவில் ஏரி ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. படம் எடுப்பதற்காக நால்வரும் இறங்கினோம். இரண்டடி வைத்ததும் நண்பர் குடித்தவரைப்போலத் தள்ளாடினார்.

வழிகாட்டி ஓடிவந்தார். தரையில் ஒரு கோட்டைக் காலால் கீறி, அதன்மேல் குதிகால் பெருவிரலைத் தொடுமாறு நேராக நடக்கச் சொன்னார். நண்பரால் நடக்க இயலவில்லை. பேச்சும் குழறியது. உயர நோய் மூளையைத் தாக்கத் தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம் என்பதைப் பின்னர் அறிந்தோம். வழிகாட்டி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. “ஏரி அடுத்த ஆண்டும் இங்கேயே இருக்கும், ஐயா, திரும்புங்கள்” என்றார். குப்பியைத் திறந்து நண்பரின் மூக்கில் பொருத்தினார். வண்டி வந்த வழியே இறங்கிற்று. நாங்கள் மூவரும் செபமாலையைக் கையில் எடுத்தோமேயன்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணியவில்லை.

இறங்க இறங்க நண்பருக்குத் தெளிவு வந்தது. லாசாவில் ஒரு மருத்துவமனையில் அன்றிரவு பிராணவாயுவும் மருந்தும் கொடுத்து வைத்திருந்தனர். கணவாயில் இன்னும் சில மணி நேரம் தங்கியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் ஒளிவின்றிச் சொன்னார். விடியற்காலையில் நண்பர் கண் விழித்ததும், “முன்னமே ஏன் சொல்லவில்லை சாமி?” என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் எம் காதில் ஒலிக்கிறது: “நான் சொன்னால் உங்கள் மூவருடைய பயணமும் கெட்டுப்போகுமே என்று நினைத்தேன்.”

புதிய ஒழுங்கு

மருத்துவமனையின் நடைகூடத்தில் அமர்ந்து, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினோம். இம்முறை இரண்டே விதிகள். ஒன்று: இடங்களைத் தொலைவின்படி வரிசைப்படுத்தலாகாது, உயரத்தின்படி, தாழ்ந்தது முதலாக வரிசைப்படுத்த வேண்டும். மற்றது: ஒவ்வொரு நாள் காலையிலும் நால்வருள் எவர் மெலிந்திருக்கிறாரோ, அவர் மூச்சின் அளவே அன்றைய பயணத்தின் அளவு. லாசா செல்லும் எக்குடும்பத்துக்கும் இவ்விரண்டும் போதும் என்பது எங்கள் எண்ணம். அவ்வொழுங்கின்படியே நாங்கள் கண்டவற்றை இனிச் சொல்கிறோம்.

முதலில் பழைய நகரம். லாசாவின் இருதயம் ஜோகாங் ஆலயம். ஏழாம் நூற்றாண்டில் சொங்த்சென் காம்போ என்னும் மன்னர் காலத்தில் எழுந்தது. அவர் மனைவியருள் ஒருவர் நேபாள நாட்டவர், மற்றொருவர் சீன நாட்டவர் என்பது அந்நாட்டு மரபு. சீனத்து அரசகுமாரி கொண்டுவந்ததாகக் கருதப்படும் இளமைக்காலப் புத்தரின் திருவுருவமே திபெத்தியருக்கு யாவற்றிலும் புனிதமானது. நாங்கள் சென்ற ஆண்டின் பிப்ரவரியில் அவ்வாலய வளாகத்தில் தீ மூண்டிருந்தது. எனினும் செப்டம்பரில் அடியார் கூட்டம் அலைமோதியது. நெய்விளக்குகளின் புகையும் வெண்ணெயின் மணமும் நிறைந்த உட்பகுதியில் காற்றோட்டம் குறைவு. மெலிந்தவர்கள் விரைவில் வெளியே வந்துவிடுவது நலம்.

ஆலயத்தைச் சுற்றியுள்ள பார்க்கோர் வீதியில் மக்கள் விடியற்காலை முதல் இரவு வரை வலம் வருகின்றனர். எப்போதும் வலமாகவே, நம் நாட்டுக் கோயில்களிலும் அவ்வாறே அல்லவா? கையில் செபச் சக்கரம் சுழல, உதட்டில் மந்திரம் முணுமுணுக்க நடக்கும் முதியோர்; முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோலும் பலகையும் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, தம் உடலின் நீளத்தால் வீதியை அளந்து செல்லும் இளைஞர். வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலால் செல்லும் நம் மக்களைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் விசுவாசம் வேறு. ஆயினும் உடல் முழுவதும் செபிக்கும் அந்த ஆர்வத்தின்முன் எங்கள் தலை தானாகவே தாழ்ந்தது.

அடுத்து பொதலா அரண்மனை. ஐந்தாம் தலாய் லாமா 1645-இல் தொடங்கியது; அதன் வெள்ளைப் பகுதி தலாய் லாமாக்களின் இருப்பிடமும் ஆட்சிமன்றமும்; 1690-க்குப் பின் எழுந்த செந்நிறப் பகுதி வழிபாட்டுக்கும் முன்னோர் சமாதிகளுக்கும் உரியது. பதின்மூன்று அடுக்குகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள். ஐந்தாம் தலாய் லாமா 1682-இல் காலமானபின், கட்டட வேலை நின்றுவிடக் கூடாதென்று அவருடைய முதன்மை அலுவலர் அச்செய்தியைப் பல ஆண்டுகள் வெளியிடாது மறைத்தார் என்கிறது வரலாறு. 14-ஆம் தலாய் லாமா 1959 மார்ச்சில் இந்தியாவில் தஞ்சம் புகுந்தபின் அம்மாளிகை ஆளில்லா அருங்காட்சியகமாக உள்ளது. நூற்றுக்கணக்கான படிகளை ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். நுழைவுச் சீட்டில் குறித்த நேரத்துக்கு வாயிலில் இருக்க வேண்டும். உள்ளே சுற்ற ஒரு மணி நேரமே அனுமதி. ஆகையால் வந்த மூன்று நான்கு நாள்களுக்குப் பின்னரே பொதலாவை வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இருபது படிக்கு ஒருமுறை நின்றோம். எண்பது வயது கடந்த திபெத்திய மூதாட்டியர் எங்களைக் கடந்து ஏறிச் சென்றனர்!

மூன்றாவதாக நகரின் விளிம்பிலுள்ள இரு பெருமடங்கள்: காலையில் திரேபுங், பிற்பகலில் சேரா. திரேபுங் 1416-இல் தோன்றியது. அப்பெயருக்கு ‘அரிசிக் குவியல்’ என்பது பொருள். மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் கட்டடங்களைக் கண்டால் பெயரின் பொருத்தம் விளங்கும். ஆந்திர நாட்டில் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் இருந்த தானியகடகம் என்னும் பழம்பெரும் பௌத்தத் தலத்தின் பெயரையே அது நினைவூட்டுகிறது. ஒருகாலத்தில் பல்லாயிரம் துறவியர் வாழ்ந்த மடம். அவர்களுக்குத் தேநீர் காய்ச்சிய அண்டாக்கள் இன்றும் அடுக்களையில் உள்ளன. நம் பங்குத் திருவிழா அன்னதான அண்டாக்கள் அவற்றின்முன் கிண்ணங்களே.

சேரா மடம் 1419-இல் எழுந்தது. பிற்பகலில் அங்கே மரநிழல் முற்றத்தில் துறவியர் தருக்கம் செய்வதைக் காணலாம். ஒருவர் அமர்ந்திருக்க, மற்றவர் நின்றுகொண்டு வினா எழுப்புவார். வினா முடிந்ததும் ஒரு காலை முன்னே ஓங்கி வைத்து, கைகளைப் படாரென்று தட்டி மறுமொழியைக் கோருவார். குருமடத்தில் தத்துவப் பாடத்துக்கு இலத்தீனில் வாதிட்ட தலைமுறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அம்முற்றத்தைவிட்டு எழ மனம் வரவில்லை.

நான்காவது, உடல் நன்கு பழகிய பின்னரே, காந்தென் மடம். லாசாவிலிருந்து 45 கிலோமீட்டர் அளவு; ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரம். கெலுக்பா என்னும் துறவுமரபைத் தோற்றுவித்த சொங்காபா 1409-இல் நிறுவியது. 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது அது இடிபாடாக்கப்பட்டது. 1980-களிலிருந்து மீண்டும் எழுப்பப்பட்டு வருகிறது. இம்மூன்று மடங்களும் இந்தியாவில் மறுபிறப்பு எடுத்துள்ளன என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும்: கருநாடக மாநிலத்தில் மைசூருக்கு அப்பால் பைலகுப்பேயில் சேராவும், முண்ட்கோட்டில் திரேபுங்கும் காந்தெனும் அகதிகளாக வந்த துறவியரால் நிறுவப்பட்டன. லாசா செல்ல உடல் இடந்தராதவர்கள், நம் அண்டையிலேயே அத்தருக்க முற்றத்தைக் காணலாம்.

காந்தெனுக்கு எங்களுள் இருவரே சென்றோம். ஒருவர் நண்பருக்குத் துணையாக நகரிலேயே நின்றார். அவருக்கு அதில் வருத்தம் சிறிதும் இல்லை.

ஐந்தாவதாகச் சொல்லத்தக்கது யம்த்ரோக் ஏரி. 4,441 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கிடையே கிளை கிளையாக விரிந்து கிடக்கும் பச்சை நீல நீர். காலையில் புறப்பட்டு மாலைக்குள் லாசா திரும்பிவிடலாம். ஆயினும் வழியிலுள்ள கணவாய் 4,700 மீட்டருக்கு மேற்பட்டது. நாம்ட்சோவும் இதுவும் வாரத்தின் கடைசியில் மட்டுமே. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டோம். அவற்றுக்குப் பதிலாக எட்டாம் நாளை நோர்புலிங்கா பூங்காவில் கழித்தோம். 18-ஆம் நூற்றாண்டில் ஏழாம் தலாய் லாமா அமைத்த கோடை அரண்மனை. சமதரை, நிழல் மரங்கள், பூச்செடிகள். குடும்பங்கள் பாய் விரித்து அமர்ந்து உண்கின்றன. 14-ஆம் தலாய் லாமா 1959 மார்ச் 17 இரவில் மாறுவேடத்தில் வெளியேறியது இங்கிருந்துதான் என்று எண்ணும்போது அவ்வமைதி மனத்தை வேறுவிதமாகத் தொடுகிறது.

மணியின் கதை

எங்களை லாசாவுக்கு இழுத்த மணியின் கதையைச் சொல்லாது விட இயலாது. 1661-இல் பீக்கிங்கிலிருந்து தரைவழியாக வந்த சேசு சபைக் குருக்கள் யோவான் குரூபரும் ஆல்பர்ட் தோர்வீலும் லாசாவில் சில வாரங்கள் தங்கினர். குரூபர் வரைந்த படத்தின் வாயிலாகவே ஐரோப்பா முதன்முதலாகப் பொதலாவைக் கண்டது. 1707-இல் கப்புச்சின் சபைத் துறவியர் வந்தனர். இடையிடையே விட்டுவிட்டு 1745 வரை உழைத்தனர். நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர். சிற்றாலயம் ஒன்றும் கட்டினர். அவர்கள் வெளியேற்றப்பட்டபின் ஆலயம் அழிந்தது. மணி மட்டும் எஞ்சியது. ‘தெ தேயும்’ என்னும் நன்றிப் பாடலின் தொடக்கச் சொற்கள் பொறித்த அம்மணியை ஜோகாங் ஆலயத்தில் கண்டதாகக் கடந்த நூற்றாண்டின் பயணிகள் எழுதியுள்ளனர். நாங்கள் சென்ற நாளில் கூட்ட நெரிசலில் அது எங்கள் கண்ணில் படவில்லை. மூன்று நாளுக்கு முன்னராயின் அதற்காக மிக வருந்தியிருப்போம். நண்பர் எங்கள் அருகில் நின்றுகொண்டிருந்ததே அன்று எங்களுக்கு நன்றிப் பாடலாயிற்று.

மணியைவிட எங்களுக்குப் பாடம் புகட்டியவர் இப்பொலீத்தோ தெசிதேரி என்னும் இத்தாலிய சேசு சபைக் குரு. 1715-இல் லடாக்கின் லே நகரைவிட்டுப் புறப்பட்டு, குளிர்காலம் முழுவதும் பீடபூமியைக் கடந்து, 1716 மார்ச் 18 அன்று லாசா அடைந்தார். ஏழு மாதப் பயணத்தில் அவர் உடல் மெல்ல மெல்ல அவ்வுயரத்தைக் கற்றுக்கொண்டது. வந்து சேர்ந்தபின்னும் அவர் அவசரப்படவில்லை. போதிக்குமுன் கற்க அமர்ந்தார். நாங்கள் பிற்பகல் ஒன்றைக் கழித்த அதே சேரா மடத்தில் தங்கி, திபெத்திய மொழியையும் அவர்கள் நூல்களையும் துறவியரிடம் பயின்று, பின்னர் அம்மொழியிலேயே நூல்கள் இயற்றினார். வீரமாமுனிவர் நம் தமிழகத்தில் உழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை! 1721-இல் உரோமையின் கட்டளைக்குப் பணிந்து லாசாவைவிட்டு அகன்ற தெசிதேரி, பின்னர் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? புதுச்சேரிக்கு. அங்கே தமிழ் கற்றார். 1727-இல் கப்பலேறியபோது, ஓரியூரில் இரத்தஞ் சிந்திய புனித அருளானந்தரின் புனிதர் பட்டத்துக்கான முயற்சிகளை உரோமையில் முன்னெடுக்கும் பொறுப்பும் அவருடன் சென்றது. லாசாவின் கதை இவ்வாறு நம் மறவ நாட்டு மணலோடு வந்து முடிச்சிடுகிறது.

தெசிதேரி ஏழு மாதத்தில் ஏறிய உயரத்தை நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறினோம். அவர் ஐந்தாண்டுக்கு மேல் கற்றதை எட்டு நாளில் பார்த்து முடிக்க எண்ணினோம். எங்கள் பிழையின் வேர் இதுவே.

செல்ல விரும்புவோர்க்கு

இருதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் குறையுள்ளோர் மருத்துவர் இசைவின்றிப் புறப்படலாகாது. உயர நோயைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றையும் மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் ஓய்வும் வீதியில் மெல்லுலாவும் போதும். நீர் மிகுதியாகப் பருகுக. மது கூடவே கூடாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தோன்றினால் மேலும் ஏறலாகாது. தள்ளாட்டமோ, ஓய்விலும் மூச்சுத் திணறலோ கண்டால் பகலாயினும் இரவாயினும் உடனே கீழே இறங்குவதே மருந்து.

அயல்நாட்டார் தாமாகச் சுற்றித் திரிய அங்கே இயலாது. பயண நிறுவனத்தின் வழியாகத் தனி அனுமதிச் சீட்டுப் பெற்று, வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சில வாரங்கள் வழக்கமாக அனுமதி நிறுத்தப்படுகிறது. சீனம் முழுவதும் பீக்கிங் நேரமே என்பதால் லாசாவில் கடிகாரம் நமதைவிட இரண்டரை மணி முந்தியது. செப்டம்பரில் ஏழரை மணி அளவில்தான் கதிரவன் எழும், உச்சிவேளை இரண்டு மணியை ஒட்டி வரும். பகலில் வெயில் சுடும், நிழலில் குளிரும், தொப்பியும் கம்பளியும் இரண்டுமே வேண்டும். சன்னிதிகளுக்குள் படம் பிடிக்கலாகாது. அரசியல் வினாக்களைக் கேட்டு வழிகாட்டியை இக்கட்டில் ஆழ்த்துவதும் அறமன்று. நாம் ஊர் திரும்பிவிடுவோம், அவர் அங்கேயே வாழ வேண்டியவர்.

ஞாயிறன்று செல்ல லாசாவில் நமக்கு ஆலயம் இல்லை. அப்பெரும் நிலப்பரப்பில் உள்ள கத்தோலிக்க ஆலயம் கிழக்குக் கோடியில், மொரிஸ் தோர்னே அடிகளார் பங்குத்தந்தையாக இருந்த யெர்க்காலோவில்தான் உள்ளது. அந்தத் திக்கை நோக்கி அமர்ந்து அறையில் செபமாலை சொன்னோம்.

கூழாங்கற்கள்

காந்தெனிலிருந்து நாங்கள் இருவரும் மாலையில் திரும்பியபோது, பார்க்கோர் வீதியின் ஓரத்தில் ஒரு திண்ணையில் நண்பர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் துணைக்கு நின்ற சாமி. முகம் தெளிந்திருந்தது. காலை முதல் அங்கேயே அமர்ந்திருந்தாராம். பேரக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வலம் வந்த ஒரு மூதாட்டி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அத்திண்ணையின் மூலையில் ஒரு கூழாங்கல்லை இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் நகர்த்திவைத்துச் சென்றாராம். நண்பரும் தம் செபமாலையில் அவருடைய சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாம் சுற்றில் மூதாட்டிக்குக் களைப்பு மேலிட்டதாம். எவரும் சொல்லாமலேயே, அவரோடு வந்த மகளும் மருமகனும் நடையை நிறுத்தி, திண்ணையில் அவரை அமர்த்தி, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கின்றனர். நண்பருக்கும் ஒரு கிண்ணம் கிடைத்திருக்கிறது. மூதாட்டி எழும்வரை எவரும் எழவில்லையாம்.

“அவர்கள் அந்தப் பாட்டியைக் கேட்கவில்லை சாமி, பார்த்தே தெரிந்துகொண்டார்கள்” என்றார் நண்பர்.

அன்பு வாசகர்களே, நீங்கள் லாசா செல்வீர்களோ, மாட்டீர்களோ, அறியோம். ஆனால் மே மாத விடுமுறையில் வேளாங்கண்ணிக்கோ, பூண்டிக்கோ, மலைவாசத்தலம் ஒன்றுக்கோ வண்டி பிடித்துக் குடும்பத்தோடு புறப்படுவீர்கள். வண்டியின் பின்னிருக்கையில் பாட்டியோ தாத்தாவோ இருப்பார். முழங்கால் வலியையும் தலைச்சுற்றலையும் அவர் சொல்லமாட்டார்; சொன்னால் பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடுமே என்று அடக்கிக்கொள்வார். அட்டவணை எழுதும் கை உங்களுடையதாயின், பென்சிலை எடுக்குமுன் ஒருமுறை அவர் முகத்தைப் பாருங்கள். பயணத்தின் நீளத்தை அவர் மூச்சைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். காண வேண்டியவற்றுள் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும்.

நாம்ட்சோவை நாங்கள் ஒரு நீலக் கோடாக மட்டுமே கண்டோம். நால்வரும் கண்டோம், நால்வரும் திரும்பினோம். இறைவனுக்கு நன்றி.